பனைமரமும் எருமையும் நன்றாக நடித்த படம்: திட்டி எழுதுவது எப்படி?

கொட்டகைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

1935-இல் 'பக்த நந்தனார்' வந்தது. நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அந்தத் தொகையைக் கேட்டவர்கள் இரண்டாம் முறை விசாரித்துத்தான் நம்பியிருப்பார்கள். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். இரண்டு பெரிய சாரீரங்கள், ஏகப்பட்ட எதிர்பார்ப்பு. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனத்தில் நடிப்புக்கான பாராட்டு பனைமரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் போனது.

தொண்ணூறு வருஷம் ஆகிறது. படத்தைப் பார்க்காதவனும் இதைச் சொல்லிச் சிரிக்கிறான். வெறும் நக்கல் என்றால் எப்போதோ செத்துப்போயிருக்கும். நான் படிக்கும்போது எனக்குப் படமே தெரிகிறது: வயல்வெளி அழகாக இருந்திருக்கிறது, அதன் நடுவே மனிதர்கள் நின்று பாடியிருக்கிறார்கள், கேமராவுக்கு முன்னால் இயல்பாக இருக்கத் தெரிந்தவை சம்பளம் வாங்காத ஜீவன்கள் மட்டுமே.

இப்போது நம் ஆட்கள் திட்டுவதைப் பாருங்கள். 'செம மொக்கை.' 'காசு தண்டம்.' 'கிரிஞ்ச்.' 'தலைவலி மாத்திரை கேட்டேன்.' நேற்று வந்த படத்துக்கு எழுதியதை வெட்டி அடுத்த வெள்ளிக்கிழமை படத்துக்கு ஒட்டலாம். ஒரு எழுத்து மாற வேண்டாம்.

என் கட்சி இதுதான்: படத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிற திட்டு, திட்டே இல்லை. இதை வைத்து ஆளாளுக்கு நல்ல திட்டுகளைக் கொண்டு வாருங்கள். சினிமா, கச்சேரி, நாவல் எதுவானாலும் சரி. 'நெற்றிக்கண் திறப்பினும்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். அது எல்லாருக்கும் மனப்பாடம்.


கடைசி பெஞ்ச்

நெற்றிக்கண் தி...

சரி, விட்டுவிட்டேன்.


செகண்ட் ஷோ

தலைவரே, உங்கள் விதி முதல் ஓவரிலேயே அவுட். 1994-இல் 'நார்த்' என்ற படத்துக்கு அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியது என்ன? இந்தப் படத்தை வெறுத்தேன், வெறுத்தேன், வெறுத்தேன் என்று மூச்சு விடாமல் அதே வார்த்தை. பிறகு தன் எதிர்மறை விமர்சனங்களின் தொகுப்புக்கு அதையே தலைப்பாக வைத்தார். உலகப் புகழ் பெற்ற திட்டு. எந்தப் படத்துக்கும் பொருந்தும். இப்போது என்ன சொல்கிறீர்கள்?


கொட்டகைக்காரன்

அடுத்த வரியையும் படியுங்கள் தம்பி. இதைப் பார்த்து யாராவது மகிழ்வார்கள் என்று நம்பியதன் மூலம் பார்வையாளரை அவமதிக்கிறதே, அதை வெறுக்கிறேன் என்கிறார். கோபம் படம் மோசம் என்பதில் இல்லை. 'உங்களுக்கு இது போதும்' என்று எடுத்தவர் நினைத்தாரே, அதில். மோசமான படங்களில் பாதி, ஆசைப்பட்டு எடுத்துக் கைகூடாமல் போனவை. அவற்றின் மேல் இந்தக் கோபம் வராது. இது வேறு வகைப் படம் என்று அந்த வரி சொல்லிவிடுகிறது. ஆகவே நாட் அவுட்.


செகண்ட் ஷோ

மூன்றாம் நடுவரிடம் போக வசதி இல்லை என்பதால் விடுகிறேன். ஆனால் ஈபர்ட் பெயர் வந்த பிறகு 'பிரவுன் பன்னி' (Brown Bunny, பழுப்பு முயல்) கதையைச் சொல்லாமல் போக முடியாது.

2003 கான் திரைப்பட விழா. வின்சென்ட் கேலோ எழுதி, இயக்கி, நடித்து, படத்தொகுப்பும் அவரே செய்த படம். ஓடும் நேரம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. பார்த்துவிட்டு வந்த ஈபர்ட், கான் வரலாற்றிலேயே மோசமான படம் இதுதான் என்றார். கேலோ பதிலுக்கு அவரை 'கொழுத்த பன்றி' என்றார். அதற்கு ஈபர்ட் சொன்னது: நான் குண்டுதான், ஒருநாள் இளைத்துவிடுவேன். அவர் என்றைக்கும் 'பிரவுன் பன்னி'யை இயக்கியவராகத்தான் இருப்பார்.

(இந்த பதில் சர்ச்சில் சொன்னதாக உலாவும் ஒரு பழைய ஜோக்கின் அச்சில் வார்த்தது. ஆனால் ஆள் பார்த்துப் பொருத்தியது ஈபர்ட்தான்.)

கேலோ விடவில்லை. ஈபர்ட்டின் பெருங்குடலுக்குச் சாபம் விட்டார். நிஜமாகத்தான். ஈபர்ட், எனக்குக் குடல் பரிசோதனை நடந்தபோது அதைத் திரையில் காட்டினார்கள், 'பிரவுன் பன்னி'யை விட அது சுவாரசியமாக இருந்தது என்று எழுதினார்.

இதுவரை இரண்டு பேரும் குழாயடி. அப்புறம் நடந்ததுதான் விஷயம். கேலோ படத்தை எடுத்துவைத்து சுமார் 26 நிமிடத்தை வெட்டினார். 2004-இல் அந்தப் பதிப்பைப் பார்த்த ஈபர்ட் நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். வெட்டியதால் படத்தின் நோக்கமே தெளிந்தது, படத்தொகுப்பு எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இது பாடம் என்று எழுதினார். சாபம் விட்ட ஆளின் படத்துக்கு!


சத்தக்காரன்

நான் ஒலிக்கலவை வேலை பார்ப்பவன். படம் பெயர் கேட்காதீர்கள்.

வெட்டுவது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2024-இல் நம் ஊரிலும் இதுதான் நடந்தது. 'இந்தியன் 2', 'கங்குவா' இரண்டையும் வெளியான பிறகு ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் குறைத்தார்கள். 'கங்குவா'வில் இன்னொன்றும் நடந்தது. முதல் காட்சி முடிந்து வந்த அத்தனை பேரும் காது போய்விட்டது என்றார்கள். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே இந்தச் சத்தப் போட்டி பற்றி வருத்தப்பட்டு எழுதினார். முதல் அரை மணி நேரம் சரியில்லை, ஒலி அதிகம்தான் என்று ஜோதிகாவும் ஒப்புக்கொண்டு, அதற்காக இவ்வளவு வன்மமா என்று கேட்டார். தயாரிப்பாளர் தியேட்டர்களிடம் 'இரண்டு பாயிண்ட் குறையுங்கள்' என்றார்.

அந்த 'பாயிண்ட்' என்ன என்று ஒரு விமர்சகராவது விசாரித்தாரா? தியேட்டரில் ஒலியைக் கட்டுப்படுத்தும் கருவியில் (ஃபேடர்) பத்து வரை எண் இருக்கும். ஏழு என்பது அளவுகோல். கலவைக் கூடத்திலும் ஏழு, தியேட்டரிலும் ஏழு என்றால் நாங்கள் கேட்டதையே நீங்களும் கேட்பீர்கள். நடைமுறை அப்படி இல்லை. சத்தம் அதிகம் என்று புகார் வந்ததும் தியேட்டர்காரர் ஐந்துக்கு இறக்கிவிட்டு அப்படியே மறந்துவிடுவார். அடுத்த படத்தின் இயக்குநர் அந்தத் தியேட்டரில் உட்கார்ந்து 'நம்ம படத்துல பஞ்சே இல்லையே' என்பார். அதற்கடுத்த படத்தில் எங்களிடம் ஏற்றச் சொல்வார்கள். ஏற்றுவோம். தியேட்டர் இன்னும் இறக்கும். இப்படிப் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒருவர் நேர்மையாக ஏழில் வைத்து ஓட்டினால் முன்வரிசைக்காரர் கதை முடிந்தது.

விமர்சனத்தில் வந்ததோ 'பின்னணி இசை இரைச்சல்' என்ற ஒரே வரி. ஒலி உயரமா, வசனத்தை இசை மூடியதா, இல்லை திரையில் எல்லோரும் கத்திக்கொண்டே இருக்கிறார்களா? மூன்றும் வேறு வேறு ஆட்களின் தவறு. மூன்றாவது என்றால் குற்றவாளி நாங்கள் இல்லை, வசனம் எழுதியவரும் அதை அப்படிப் பேச வைத்தவரும். எங்களைத் திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியான ஆளைத் திட்டுங்கள்.


கடைசி பெஞ்ச்

சத்தக்காரன் அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன். டிக்கெட் இருநூறு பக்கம், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் போய்வந்தால் ஆயிரத்துக்கு மேல். காது வலித்தவன் எதற்கு அண்ணே ஃபேடர் நம்பர் விசாரிக்க வேண்டும்? வலிக்கிறது என்றுதான் சொல்வான். மருத்துவரிடம் போய் 'எனக்கு நடுச்செவியில் கோளாறு' என்று நோயாளியே சொல்ல வேண்டுமா?


சத்தக்காரன்

நோயாளி சொல்ல வேண்டாம். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு பத்து லட்சம் பேருக்கு நோயை விளக்குகிறவர் நோயாளி இல்லையே தம்பி.


சபா கேன்டீன்

இதற்குத்தான் சுப்புடுவை இழுக்க வேண்டும். சங்கீத உலகத்தில் இவர் பெயரைச் சொன்னால் இன்றும் சிலருக்கு நெற்றி சுருங்கும்.

டெல்லியில் மத்திய அரசு உத்தியோகம். மாலையில் கச்சேரி அல்லது நடனம், 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் விமர்சனம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியாவுக்கு வந்தவர். அப்படி வந்தவரை ஒரு வித்வானின் முறைப்பு என்ன செய்யும்? டிசம்பர் சீசனுக்கு அவர் சென்னை வருகிறார் என்றால் சபாக்களில் காபி ஆறிப்போகும் அளவுக்குப் பேச்சு.

நான் சொல்ல வந்தது வேறு. அவர் ஆர்மோனியம் வாசிப்பவர். அந்த வாத்தியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கி முப்பது வருஷம் வெளியே நிறுத்தி வைத்திருந்தது. கமகம் வராது, சுருதி ஒத்துவராது என்று எல்லாரும் ஒதுக்கிய வாத்தியத்தில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டியவர் ஒருவர், உன் சுருதி விலகியது என்று எழுதினால் அடிபட்டவர் கோபப்படலாம், வழக்குப் போடலாம். 'இவனுக்கு என்ன தெரியும்' என்று மட்டும் சொல்ல முடியாது.

கல்கியும் அப்படித்தான். விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' எழுதியபோது அவரிடம் குட்டு வாங்காத வித்வான் குறைவு. அதே கல்கி தமிழிசைக்காகப் பேனாவைத் தூக்கிக்கொண்டு சண்டை போட்டார். எதையோ காப்பாற்றுவதற்காகத் திட்டினார்கள். இன்றைக்குத் திட்டுகிறவர் எதைக் காப்பாற்றுகிறார் என்று யோசித்துப் பார்க்கிறேன், விளம்பர இடைவேளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.


யாழ்தேவி

காப்பாற்றுவதற்காகத் திட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? எங்கட ஊர் ஆறுமுக நாவலரை நினைத்துப் பாருங்கோ. வள்ளலாரின் பாடல்களுக்கு 'திருவருட்பா' என்று பெயர் வைத்ததே தகாது, தேவார திருவாசகத்துக்கு உரிய மரியாதை அது என்று எழுந்தவர். சைவத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவரும் நினைத்தார். விஷயம் 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. ஒரு நூலின் தலைப்பில் தொடங்கின சண்டை!

அதோடும் முடியவில்லை. நாவலரும் வள்ளலாரும் மறைந்து, நூற்றாண்டும் மாறின பிறகு, அதே பிணக்கை நா. கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் தூக்கிக்கொண்டு மேடை மேடையாகப் போனார்கள். கதிரைவேற்பிள்ளையும் எங்கட பக்கத்து ஆள்தான், திரு.வி.க.வுக்கு ஆசிரியர். அருட்பா இல்லை, மயக்கும் பாட்டு என்று பொருள்படும் 'மருட்பா' என்ற வசை, திட்டினவரும் திட்டு வாங்கினவரும் போன பிறகும் தனியே நடமாடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்காரன் ஐயாவின் விதிப்படி பார்த்தால் அது முதல் தரமான திட்டு. வேறு எந்த நூலுக்கும் பொருந்தாது. ஆனால் அதால் யாருக்கு என்ன விளங்கினது? ஒரு பாட்டின் நயமோ குறையோ அந்தச் சொல்லில் இல்லை.


கொட்டகைக்காரன்

யாழ்தேவி, இது பலமான அடி. என் பதில்: 'மருட்பா' என்பது அந்தப் பாடல்கள் என்ன என்று சொல்லவில்லை, அவற்றை எந்த அலமாரியில் வைக்கக்கூடாது என்று சொல்கிறது. அது தீர்ப்பு, வர்ணனை இல்லை. கல்கியின் பனைமரம் வர்ணனை. பெயர் மாற்றிப் போடும் சோதனை மட்டும் போதாது போல, திட்டுக்குள் பொருள் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சேர்த்துக்கொள்கிறேன்.


பழைய பேப்பர்

தமிழ்ப் புலவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கொடூரமானவர்கள். படிக்காசுப் புலவரின் தனிப்பாடல் ஒன்று உண்டு. மோசமாகப் பாடினால் தலையில் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியன் இன்று இல்லை, காதைத் தோண்டி அறுப்பதற்கு வில்லிபுத்தூரார் இல்லை, தலையை வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தர் இல்லை என்று வரிசையாகப் புலம்புவார். விமர்சனத் துறையின் முழு அதிகார அடுக்கு! குட்டு, காது, தலை.

எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். கடைசி இரண்டு வரியில்தான் அவர் குத்துகிறார்:

'தெட்டுதற்கோ அறிவில்லாத் துரைகளுண்டு
தேசமெங்கும் புலவரெனத் திரியலாமே'

ஏமாந்து காசு கொடுக்கப் புரவலர்கள் இருக்கும்வரை யாரும் புலவர் என்று சொல்லிக்கொண்டு ஊர் சுற்றலாம். கோபம் பாடியவன்மேல் பாதி, பரிசு கொடுத்தவன்மேல் பாதி. இன்றைக்கு இசை வெளியீட்டு விழா பார்ப்பவர்களுக்கு விளக்கவுரை தேவையில்லை.

புத்தக வெளியீட்டு விழா இன்னும் மோசம். அணிந்துரை, வாழ்த்துரை, நட்புரை, பிறகு பின்னட்டை. 'தமிழுக்குக் கிடைத்த கொடை' என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கொடை கிடைக்கிறது, தமிழ் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறது. 1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது விமர்சனத்துக்கென்றே இடம் ஒதுக்கினார். வெங்கட் சாமிநாதன் அங்கே எழுத வந்ததும் மொத்தத் தமிழ்ச் சூழலையும் பாலை என்றார். சிலர் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். ஆனால் அவர் ஒருவரையும் முதுகுக்குப் பின்னால் திட்டவில்லை. நம் இலக்கியக் கூட்டங்களில் உண்மையான விமர்சனம் டீக்கடையில் நடக்கிறது, மேடையில் நடப்பது கல்யாண வரவேற்பு.


இடைவேளை

1818-இல் 'குவார்ட்டர்லி ரெவ்யூ'வில் ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் 'எண்டிமியன்' கவிதையை ஒருவர் கிழித்தார். நான்கு பாகம் உள்ள நூல். முதல் பாகத்தைத் தாண்ட முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்! இடைவேளையில் ட்வீட் போடுகிறவர்களுக்கு அவர்தான் குலதெய்வம். ஒரு விமர்சனம் கீட்ஸின் உயிரைக் குடித்துவிட்டது என்று பைரன் கிண்டலாகப் பாடிவைத்தார். கொன்றது காசநோய், அது வேறு விஷயம்.

இப்போது நம் தயாரிப்பாளர்கள் சொல்வதும் பைரன் பாட்டுத்தான். விமர்சனம் படத்தைக் கொன்றுவிட்டதாம். 'கங்குவா'வுக்குப் பிறகு தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் ஆட்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அப்படித் தடை போட மறுத்தது, கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறது என்றது.

எனக்கு ஒரே சந்தேகம். மூன்று நாள் தடை கேட்டவர்கள், அந்த மூன்று நாளும் 'பிளாக்பஸ்டர்' என்று தாங்களே போஸ்டர் ஒட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்களா?


பால்கனி டிக்கெட்

இவ்வளவு நேரம் ஆண்கள் சாமர்த்தியமாகத் திட்டியதைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறீர்கள். நடிகையின் எடை, நடிகரின் தொப்பை, வழுக்கை, வயது என்று பாதி 'நகைச்சுவை விமர்சனம்' ஓடுகிறதே, அதைப் பற்றி ஒரு வரி காணோம்.

நியூயார்க்கில் ஜான் சைமன் என்று ஒரு விமர்சகர். அபாரமான மொழி, விஷயம் தெரிந்தவர். நடிகைகளின் முகத்தை வர்ணிக்க ஆரம்பித்தால் மட்டும் தெருப் பையன் ஆகிவிடுவார். பார்பரா ஸ்ட்ரைசாண்டின் மூக்கைப் பற்றியே எவ்வளவு எழுதினார்! 1973-இல் சில்வியா மைல்ஸ் என்ற நடிகை ஒரு உணவகத்தில் சாப்பாட்டுத் தட்டை அவர் தலையில் கவிழ்த்தார். எனக்குத் தெரிந்து ஒரு விமர்சனத்துக்கு வந்த மிகச் சுருக்கமான மறுப்புரை அதுதான்.

மோசமான படங்களுக்கு விருது கொடுக்கும் கோல்டன் ராஸ்பெரிக்காரர்கள் 2023-இல் 'ஃபயர்ஸ்டார்ட்டர்' படத்துக்காக ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமியை மோசமான நடிகை பட்டியலில் சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் பெயரை எடுத்துவிட்டு, இனி பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் சேர்ப்பதில்லை என்று விதி போட்டார்கள். அந்த விதி வேண்டும் என்று யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.


செகண்ட் ஷோ

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. மூக்கு எந்தப் படத்துக்குப் போனாலும் கூடவே வரும், ஆகவே அது அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம் ஆகாது. கொட்டகைக்காரன் விதியிலேயே அடிபட்டுப்போகிறது.

ஆனால் ஒன்று. குண்டானவர் விழுவதையும் கறுப்பானவர் காதலிப்பதையும் ஜோக் என்று நாற்பது வருஷம் விற்ற துறை, யூடியூபில் உருவக்கேலி பெருகிவிட்டது என்று கண்ணீர் விடும்போது கைக்குட்டை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.


கடைசி பெஞ்ச்

'நீ முதலில் ஒரு படம் எடுத்துக் காட்டு' என்பவர்களுக்கு என்ன பதில்? யூடியூப் விமர்சகர் ப்ளூ சட்டை மாறனிடம் பல வருஷம் இதைக் கேட்டார்கள். 2021-இல் 'ஆன்டி இண்டியன்' எடுத்தே விட்டார். எடுத்த பிறகு கேள்வி நின்றதா? 'இதைத்தான் எடுத்தாயா' என்று மாறியது, அவ்வளவுதான்.


கொட்டகைக்காரன்

அந்தக் கேள்விக்குச் சிறந்த பதில், விமர்சகராக இருந்து இயக்குநரான த்ரூஃபோ. பிரெஞ்சு சினிமாவையும் கான் விழாவையும் அவர் கிழித்த கிழியில் 1958-இல் கான் விழாவுக்கு அவரை அழைக்கவில்லை. 1959-இல் '400 ப்ளோஸ்' படத்தோடு அதே ஊருக்குப் போய்ச் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். கல்கிகூட 'தியாகபூமி'க்குக் கதை கொடுத்தவர்தான், 1939-இல்.

அதனால் விமர்சகர் படம் எடுக்க வேண்டும் என்று ஆகாது. ராப் ஷ்னைடர் என்ற நகைச்சுவை நடிகர், தன் படத்தைக் குறை சொன்ன ஒரு பத்திரிகையாளரைப் பார்த்து, நீ என்ன புலிட்சர் (அமெரிக்கப் பத்திரிகை விருது) வாங்கினவனா என்று பெரிய விளம்பரமே கொடுத்தார். ஈபர்ட் 1975-இலேயே புலிட்சர் வாங்கியவர். 2005-இல் ஷ்னைடரின் அந்தப் படத்துக்கு எழுதும்போது, தற்செயலாக நான் வாங்கியிருக்கிறேன், அந்தத் தகுதியில் அதிகாரபூர்வமாகச் சொல்கிறேன், உங்கள் படம் படுமோசம் என்று முடித்தார். பின்னாளில் ஈபர்ட் உடல்நலமின்றிக் கிடந்தபோது ஷ்னைடர் பூங்கொத்து அனுப்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.


பழைய பேப்பர்

எழுத்தைத் திட்டுவதில் என் வாக்கு மார்க் ட்வைனுக்கு. 1895-இல் ஃபெனிமோர் கூப்பரின் நாவல்களைப் பற்றி எழுதினார். முக்கால் பக்கம்கூட இல்லாத ஓரிடத்தில், இலக்கியத்துக்கு எதிராகச் செய்யக்கூடிய 115 குற்றங்களில் 114-ஐக் கூப்பர் செய்துவிட்டார், இது சாதனை என்கிறார். அதெல்லாம் சும்மா வாணவேடிக்கை. அடி விழுவது வேறிடத்தில். கூப்பர் கதையில் அமைதி தேவைப்படும் கணத்திலெல்லாம் யாராவது ஒருவர் காய்ந்த குச்சியை மிதித்துவிடுவார். சுற்றிலும் மிதிக்க நூறு நல்ல பொருள் இருந்தாலும் குச்சியைத் தேடிப்போய் மிதிப்பார். இதைப் படித்த பிறகு கூப்பரை எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் குச்சி முறியும் ஓசைதான் கேட்கும்.


கொட்டகைக்காரன்

ஆஹா. சரி, சரக்கு நம்மிடம் இருக்கிறதா பார்ப்போம். சமீபத்தில் பார்த்த, படித்த ஒன்றைப் பற்றி ஒரே வரி. பெயர் சொல்ல வேண்டாம். மதிப்பெண் போடுகிறேன், விகடன் பாணியில். '16 வயதினிலே'வுக்கே 62.5 தான் கொடுத்தார்கள், ஆகவே அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.


இடைவேளை

நாயகன் விவசாயத்தைக் காப்பாற்றுகிறார். படம் முழுக்க அவர் கை மண்ணில் படும் ஒரே இடம், சண்டையில் கீழே விழும்போது.


பால்கனி டிக்கெட்

நாயகி இதய அறுவை சிகிச்சை நிபுணர். அவர் செய்யும் ஒரே சிகிச்சை துப்பட்டாவைக் கிழித்து நாயகனின் கையில் கட்டுவது. அதையும் தப்பான கையில் கட்டுகிறார்.


கடைசி பெஞ்ச்

படம் இரண்டு பாகமாக வருகிறது. கதை மூன்றாவதில் வருமாம்.


பழைய பேப்பர்

கவிதைத் தொகுப்பு. பக்கத்துக்குப் பக்கம் மழை. முடித்து வைத்தபோது நூலில் ஒருவர்கூட நனைந்திருக்கவில்லை.


யாழ்தேவி

சரித்திர நாவல். கவிஞர் தொகுப்பில் யாரும் நனையாதது போல இங்கே யாரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஆசிரியர் நூலகத்தில் எடுத்த குறிப்புகளை மந்திரி வாசிக்க அரசன் கேட்டுக்கொண்டிருக்கிறார். அரசனுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவருடைய ஆட்சிதானே.


கொட்டகைக்காரன்

பால்கனி டிக்கெட் 58. அந்தத் தப்பான கைக்காகவே. யாரோ ஒருவர் படப்பிடிப்பில் தொடர்ச்சியைக் கவனிக்கவில்லை என்பது வரை தெரிந்துவிட்டது. யாழ்தேவி 55. இடைவேளை 50, வரி நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த வகையில் ஏழெட்டுப் படம் வந்துவிட்டதால் எதற்கும் பொருந்தும். பழைய பேப்பர் 48, அதே காரணம். கடைசி பெஞ்ச் 30, வாட்ஸ்அப்பில் வந்தது.


கடைசி பெஞ்ச்

ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர் 1906-இல் தன்னைத் திட்டிய விமர்சகருக்கு எழுதிய கடிதம் தெரியுமா? என் வீட்டின் மிகச் சிறிய அறையில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் விமர்சனம் என் முன்னால் இருக்கிறது, சற்று நேரத்தில் பின்னால் இருக்கும் என்று. என் 30 மதிப்பெண்ணையும் இப்போது அங்கேதான் வைத்திருக்கிறேன்.


சத்தக்காரன்

திட்டுக்கு இவ்வளவு விதி போட்டீர்களே, பாராட்டுக்கும் போடுங்கள். நான் வேலை பார்த்த ஒரு படத்தில் அம்மா இறந்த வீட்டில் மகன் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி. இசை வேண்டாம் என்று இசையமைப்பாளரே சொல்லி விலகிக்கொண்டார். நாங்கள் வைத்தது தெருவின் தூரச் சத்தமும் ஒரு பழைய மின்விசிறியும். அந்த விசிறியின் கிறீச்சைத் தேடி ரொம்ப அலைந்தோம். படம் வந்தது. ஒரு பிரபல விமர்சகர் அந்தக் காட்சியைக் குறிப்பிட்டு 'பின்னணி இசை உருக்கிவிட்டது' என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார், அநேகமாக முதல் ஆளைப் பார்த்துவிட்டு. இசையமைப்பாளர் எனக்குப் போன் செய்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திட்டு வாங்கியிருந்தால்கூட யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று இருந்திருக்கும்.


பால்கனி டிக்கெட்

படத்தின் பெயரைத் தனிச்செய்தியிலாவது சொல்லுங்கள் சார். அந்த விசிறியைக் கேட்பதற்காகவே பார்க்கிறேன்.


கடைசி பெஞ்ச்

எனக்கும் அனுப்புங்க அண்ணே. ஏழுல வச்சுக் கேக்கறேன்.